தனக்கோடி அத்தை வீட்டில் என்காந்தா

சேலையூர் கேசவன் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. அங்கே எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. காபி குடிக்கலாம், டம்ளரைக் கீழே வைக்கலாம், ஏப்பம்கூட விடலாம். 'காபி பிரமாதம்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மட்டும், நீங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே அடுப்பில் மிளகாய் வெடிக்கிற சத்தம் கேட்கும். இருமல் தெருமுனை வரைக்கும் துரத்தும்.

அந்த வீட்டில் புதுசு என்று ஒரு பொருள் கிடையாது. இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய அன்று, எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்துக்கு, "ரிப்பேர் ஆனதுங்க, சும்மா நிக்குது" என்று அதை அறிமுகம் செய்து வைத்தார்கள். கேசவன் ஓட்டும் புது ஸ்கூட்டர் மச்சானிடம் இரவல் வாங்கியது. தீபாவளிப் புடவைகள் எல்லாம் தள்ளுபடியில் தலையில் கட்டப்பட்டவை. கேசவனின் ஒரே மகள் ஓவியா பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தபோது, "ஏதோ கரையேறிச்சு" என்று சொந்தக்காரர்களுக்குச் செய்தி போயிற்று.

இந்தச் சட்டங்களை எல்லாம் இயற்றியவள் தனக்கோடி அத்தை. கேசவனுக்கு அக்கா. கல்யாணமான வேகத்திலேயே புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து, அன்றைக்கே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். அவளுடைய சித்தாந்தம் ரொம்ப எளிமையானது.

"இந்த வூட்ல இதுவரைக்கும் யாரும் எதையும் நல்லா கீதுன்னு சொன்னதில்ல. அதனாலதான் எல்லாம் நல்லா கீது" என்பாள். சொல்லி முடித்ததும் தானே சொல்லிவிட்டது உறைக்கும். வாயில் ஒரு போடு போட்டுக்கொண்டு உப்பு ஜாடியைத் தேடி ஓடுவாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் ஸ்பானிஷ் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் தூக்கம்.

ஓவியாவுக்கு பெருங்களத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் யாருக்காவது விமானத்தில் பெட்டி தொலைந்துபோனால் அவர்களுக்கு இங்கிலீஷில் ஆறுதல் சொல்லி டைப் அடிக்க வேண்டும். அமெரிக்காவில் பகலில்தான் பெட்டி தொலையும் என்பதால் அவளுக்கு எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி வண்டி கொண்டுவந்து இறக்கிவிட்டதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல வீடு விழித்துக்கொள்ளும். அம்மா புஷ்பம் மிக்ஸியில் சட்னியை ஆரம்பிப்பாள். அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போகிற லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். தலைக்கு மேலே விமானப்படைப் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் குட்டி விமானம் வட்டம் போடும். இதெல்லாம் ஓய்ந்தால் அத்தையின் சீரியலில் யாராவது யாரையாவது அறைவார்கள்.

முழுசாக ஒரு தூக்கம் என்பது ஓவியாவுக்கு மறந்தே போயிருந்தது. ஒரு முறை பல்துலக்கும்போது தூங்கி வாஷ்பேசினில் முட்டிக்கொண்டாள்.

அதே கம்பெனியில் ஸ்பெயின் நாட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு டீம் இருந்தது. அவர்களுக்கு மதியம் தொடங்கி ராத்திரி சாப்பாட்டு நேரத்தோடு ஷிப்ட் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் மனுஷர்களைப் போல இருட்டில் தூங்கலாம். அந்த டீமில் சேர ஸ்பானிஷ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு ஒன்றில் பாஸ் ஆக வேண்டும். ஓவியா யோசிக்கவே இல்லை. சிட்லபாக்கத்தில் சின்மயி என்ற பெண் தன் ஃபிளாட்டில் நடத்திய ஸ்பானிஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இலக்கணத்தில் ஓவியா புலி. காலங்கள், விகுதிகள் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பெரும்பாலும் தூக்கத்தில்தான் சொன்னாள். சிக்கல் வந்தது பிடித்தம் சொல்லும் வினைச்சொற்களில்.

சின்மயி போர்டில் ஏணிப்படி போல எழுதினாள். கீழ்ப்படியில் 'மே குஸ்தா', எனக்குப் பிடிக்கும். அடுத்தது 'மே இன்தெரேஸா', எனக்கு இதில் ஆர்வம். அதற்கு மேல் 'மே என்காந்தா', ரொம்ப ரொம்பப் பிடிக்கும். உச்சியில் 'மே ஃபஸீனா', பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நம்ம தமிழ் மாதிரியேதான். எனக்குப் பிடிக்கும்னு சொல்றோமில்ல, அதே கட்டுமானம். உங்களுக்கெல்லாம் இது அல்வா" என்றாள் சின்மயி. 'என்காந்தா'வின் பூர்வீகத்தையும் சொன்னாள். ஆதியில் அது மந்திரம் போட்டு வசியம் செய்வதைக் குறித்த சொல்லாம். இந்த ஒரு தகவலை மட்டும் வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று ஓவியா அப்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலி ஹர்ஷா எழுந்து, பிரியாணி தனக்கு என்காந்தா என்று கையை விரித்துச் சொன்னான். வகுப்புக்கே பசித்தது. அடுத்து ஓவியா எழுந்து, கடல் எனக்கு என்காந்தா என்றாள்.

சின்மயி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். "ஓவியா, கோவளத்துல உங்க சொந்தக்காரங்க யாராவது மூழ்கிட்டாங்களா?"

"இல்லை மேடம்."

"பின்ன ஏன் துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்றீங்க? இதுல மார்க்கே முகத்துக்கும் குரலுக்கும்தான். தேர்வுல கடைசிப் பகுதி என்ன தெரியுமில்ல? போனைக் கையில எடுத்துட்டு வீட்டைச் சுத்திக் காட்டணும். உங்க வீடு, உங்க மனுஷங்க, எது ஏன் பிடிக்கும்னு மனசாரச் சொல்லணும். மனப்பாடம்னு தெரிஞ்சா தேர்வு வைக்கிற ஸ்பெயின் அம்மா அங்கேயே முடிச்சிடுவாங்க."

ஓவியா திரும்ப முயன்றாள். வாய் 'என்காந்தா' என்றது. முகமோ, ஏதோ கரையேறிச்சு என்றது. பிறந்ததிலிருந்து இதுவரை எதையும் பிடித்திருக்கிறது என்று உரக்கச் சொல்லியிராத முகம் அது. அதற்கு வழி தெரியவில்லை.

"ஹோம்வொர்க். தினமும் வீட்ல அஞ்சு பொருள் முன்னாடி நின்னு சத்தமா சொல்லுங்க. கையும் பேசணும்" என்றாள் சின்மயி.

மறுநாள் சாயங்காலம் ஓவியா பின்கட்டு முருங்கை மரத்தின் முன்னால் நின்றாள். மரம் பூவும் பிஞ்சுமாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இரண்டு கையையும் விரித்து, "மே என்காந்தா" என்றாள். துணி எடுக்க வந்த அத்தை கொடிக்குப் பின்னால் இருந்தாள்.

"இன்னாடி அது, மரத்தாண்ட பேசிக்கினு?"

"ஹோம்வொர்க் அத்தை."

"என்காந்தான்னா இன்னா?"

தூக்கமில்லாத தலையில் பொய் சட்டென்று உதிக்காது. "இந்த மரம் எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றாள் ஓவியா.

அத்தை மரத்தைப் பார்த்தாள். ஓவியாவைப் பார்த்தாள். "மூஞ்சிக்கு நேராவா சொன்ன?"

அன்றைக்குக் காற்று அடித்தது. முருங்கையில் காக்கை கொஞ்சம் பலமாக உட்கார்ந்தாலே கிளை முறியும். பெரிய கிளை ஒன்று குளியலறைக் கூரைமேல் சாய்ந்தது. மறுநாள் ஓவியா ரகசியமாக ஃபிரிட்ஜிடம் 'மே ஃபஸீனா' சொன்னாள். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஃபிரிட்ஜ் நிஜமாகவே ரிப்பேர் ஆனது. அதற்கடுத்த நாள் ஸ்கூட்டர். கேம்ப் ரோடு திருப்பத்தில் ஒரு ஆட்டோ ஒடித்ததில் கேசவன் ஸ்கூட்டரோடு சாக்கடைக்குள் போய், முட்டி சிராய்த்து, ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார்.

"வண்டிகிட்டயும் சொன்னியா?" என்று கேட்டாள் அத்தை.

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தா பாரு கேசவா. பொண்ணு வேற பாசைல கண்ணு போடுது. நம்ம உப்பு மொளகாயெல்லாம் தமிழு கண்ணுக்குத்தான் கேக்கும். இனிமே இந்த வூட்டுக்குள்ள அந்தப் பேச்சு பேசக் கூடாது. பேசுச்சுன்னா பரிச்ச கிரிச்ச ஒண்ணியும் கெடையாது, சொல்லிட்டேன்."

கேசவன் முட்டியைத் தடவிக்கொண்டே, "அக்கா சொல்றதும் சரிதானம்மா" என்றார். அம்மா மிக்ஸியைப் போட்டாள்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வாய் திறக்க இடமில்லை. பாஸ் ஆகாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் ராத்திரி பூரா முழித்திருந்து அமெரிக்கப் பெட்டிகளைத் தேடுவது என்று நினைத்தபோது ஓவியாவுக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் படுத்தால் அப்படியே கொஞ்சம் தூங்கலாமே என்று படுத்தாள். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

காப்பாற்றியது அத்தைதான். ஒரு மத்தியானம் ஓசைப்படாமல் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஓவி, முழிச்சிக்கினுதான கீற?"

"எப்பவும் முழிச்சுட்டுதான் அத்தை இருக்கேன்."

"அந்த என்காந்தா... நம்ம வூட்டுப் பொருளுக்குத்தான் பலிக்குமா, வெளிய சொன்னாலும் பலிக்குமா?"

ஓவியா எழுந்து உட்கார்ந்தாள். அத்தையின் பார்வை ஜன்னல் வழியே காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் லோகநாயகியின் வீடு. ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அந்த மனையே கேசவன் குடும்பம் விற்றதுதான். வாங்கின இடத்தில் லோகநாயகி மாடி எழுப்பினாள், கிரானைட் போட்டாள், இப்போது புதிதாகத் தூண் வைத்த போர்டிகோவும் கட்டியிருந்தாள். மூடிவைக்கிற வழக்கமே இல்லாதவள். கார் வாங்கினால் தெருவில் நிறுத்தி மாலை போடுகிறவள்.

"நம்ம நெலத்துல வூடு கட்டிக்கினு நம்மளயே மேலருந்து பாக்குறா ரயில்வேக்காரி. நீ சும்மா சொவத்தாண்ட போயி அந்த போர்ட்டிகோவப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா. உனக்கும் பரிச்சைக்குப் படிச்ச மாதிரி ஆச்சு."

ஓவியாவுக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. கண்ணில் ஒரு விஷம வெளிச்சம் வந்தது. "சொல்றேன். ஆனா மத்தியானத்துல மிக்ஸி, டிவி, லாரி எதுவும் சத்தம் போடக் கூடாது. நான் தூங்கி எழுந்தாதான் கண்ணுல பவர் இருக்கும்."

அத்தை ஒரு கணம் யோசித்தாள். சீரியலா, போர்டிகோவா? "செரி" என்றாள்.

அன்று சாயங்காலமே ஓவியா சுவரோரம் நின்று, போர்டிகோவைப் பார்த்துக் கையை விரித்து, முதலில் குஸ்தா, பிறகு இன்தெரேஸா, பிறகு என்காந்தா என்று படிப்படியாக ஏறினாள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த லோகநாயகி நிமிர்ந்தாள்.

"என்னம்மா ஓவியா, யார்கிட்ட பேசறே?"

"உங்க போர்டிகோகிட்ட ஆன்ட்டி. ஸ்பானிஷ் ப்ராக்டிஸ்."

"என்ன சொன்னே?"

"இந்த போர்டிகோ எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு."

லோகநாயகியின் கையில் இருந்த குழாய் தன் பாட்டுக்குச் செம்பருத்தியை விட்டுவிட்டு அவள் காலில் தண்ணீர் ஊற்றியது. அவள் உள்ளே திரும்பி, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். பனியனோடு ஸ்ரீநிவாசன் வந்தார். எதற்கும் 'ம்' என்று மட்டும் சொல்கிறவர்.

"இந்தப் பொண்ணுக்கு நம்ம போர்டிகோ ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"ம்."

"இந்தத் தெருவுக்கு வந்ததுலேருந்து ஒருத்தர் இந்த வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

"ம்" என்றார் ஸ்ரீநிவாசன். அந்த 'ம்' வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

அதற்குப் பிறகு லோகநாயகி விடவில்லை. தினமும் சுவருக்கு மேலே தலை நீட்டி, "ஓவியா, இன்னிக்கு கிச்சன் டைல்ஸ் பண்ணலாமா?" என்று கேட்பாள். ஓவியா டைல்ஸ் பண்ணினாள், நித்தியமல்லிப் பந்தல் பண்ணினாள், மாடிப்படிக் கைப்பிடி பண்ணினாள். ஒவ்வொரு என்காந்தாவுக்கும் ஒரு டப்பா முறுக்கோ தட்டையோ சுவர் தாண்டி வந்தது. நித்தியமல்லி முன்னைவிட அதிகமாகப் பூத்தது. ஹைதராபாதில் இருக்கும் அவள் பையனுக்குப் பதவி உயர்வு வந்தது. போர்டிகோவில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அத்தைக்குத் தாளவில்லை. கதவிடுக்கில் நின்று ஓவியாவின் வேலையை இரண்டு நாள் கவனித்துவிட்டு, மூன்றாம் நாள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நீ வாயில சொல்ற, வயித்துலருந்து சொல்லல. அப்டி சொன்னா எப்டிடி பலிக்கும்? உனக்கு அது வேணும். பாத்ததுலருந்து சோறு எறங்கல. அது உன்துல்ல, பக்கத்து வூட்டுக்காரிது. இத நெனச்சிக்கினு சொல்லு. கண்ணு இன்னும் பெருசா. எச்சில முழுங்கிக்கோ."

ஓவியா சொல்லிப் பார்த்தாள்.

"த்தூ. ரேசன் கடையில நம்பர் கூப்புடுற மாதிரி கீது. தள்ளு."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெயில் சாய்ந்து தூண்களில் மஞ்சளாகப் படிந்திருந்த நேரம். மெதுவாக ஒரு மூச்சு இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "மே... என்காந்தா" என்றாள்.

ஓவியாவின் கையில் முடி சிலிர்த்துக்கொண்டது. சின்மயிகூட அப்படிச் சொன்னதில்லை. அத்தை திரும்பவில்லை. கம்பியை விட மனசில்லாமல் நின்றவள், திடீரென்று, "அடுப்புல பால் வெச்சேன்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

அந்த வார வகுப்பில் சின்மயி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஓவியா, இப்பதான் உயிர் வந்திருக்கு. யார்கூட ப்ராக்டிஸ் பண்றீங்க, நேட்டிவ் ஸ்பீக்கரா?"

"ஆமா மேடம். சேலையூர் நேட்டிவ்."

தேர்வு சனிக்கிழமை மத்தியானம், வீட்டிலிருந்தபடியே வீடியோ அழைப்பில். ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மாள் தங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அத்தைக்கு ஜுரமே வந்துவிட்டது. இனிமேல் ஒரு மாசத்துக்கு மிக்ஸி ஓடாது, லாரி தெருமுனையிலேயே நிற்கும், வீட்டை மட்டும் காட்டாதே என்றெல்லாம் பேரம் பேசிப் பார்த்தாள். ஓவியா மசியவில்லை. கடைசியில், "செரி, நீ உன் ரூம்ல பேசு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள். அந்த 'மத்தது' என்னவென்று ஓவியா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இனேஸ் என்ற அந்த அம்மாள் நரைத்த குட்டை முடியும் பெரிய சிரிப்புமாகத் திரையில் வந்தாள். கேள்வி பதில் பகுதி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பெட்டி தொலைத்த ஒரு வாடிக்கையாளரை எப்படித் தேற்றுவாய் என்று கேட்டபோது ஓவியாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிறகு இனேஸ், "இப்போது உன் வீட்டைக் காட்டு. உனக்கு எது பிடிக்கும், யாரைப் பிடிக்கும், எல்லாம் சொல்" என்றாள்.

ஓவியா போனோடு எழுந்து அறைக்கதவைத் திறந்தாள்.

ஃபிரிட்ஜைக் காணோம். அது இருந்த இடத்தில் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கியைப் போர்த்திக்கொண்டு ஏதோ நின்றது. டிவிக்குப் பழைய படுக்கை விரிப்பு. சோபாவுக்கு சிமெண்ட் மூட்டைச் சாக்கு. கடிகாரத்தின் மேல் ஒரு சட்டி கவிழ்த்து மாட்டியிருந்தது. வாசலில் ஸ்கூட்டர், வைக்கோல் வண்டி மாதிரி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மாவும் அப்பாவும் வெள்ளையடிக்க வந்தவர்களைப் போலக் கிழிந்த உடுப்பில், சமையலறை வாசலில் ஒடுங்கி நின்றார்கள். பொருளுக்குப் பொருள் கரிப்பொட்டு. முருங்கை மரத்துக்குக்கூட ஒன்று.

"உன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களா?" என்று கேட்டாள் இனேஸ்.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் லுங்கிக்குள் இருந்தன. ஓவியா பதறிப்போய்ப் பின்கட்டுக்கு ஓடி, சுவருக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்தாள். அங்கே தூணும் கிரானைட்டுமாகப் போர்டிகோ ஜொலித்தது. தூணுக்குத் தூண் என்காந்தா பழகிய இடம்.

"அழகு. இது உன் வீடா?"

"இல்லை" என்றாள் ஓவியா. பொய்யைத் தமிழிலேயே சொல்லத் தெரியாதவள் ஸ்பானிஷில் எப்படிச் சொல்வாள்?

"உன் வீட்டைத்தான் கேட்டேன்" என்றாள் இனேஸ். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் பேனாவை எடுப்பது திரையில் தெரிந்தது.

ஓவியா திரும்பி உள்ளே வந்தாள். இரவு ஷிப்டுகள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்த வீட்டில் மூடப்படாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கூடத்துக்கு நடுவில், மூடின கையில் உப்பையும் மிளகாயையும் வைத்துக்கொண்டு காவலுக்கு நின்ற தனக்கோடி அத்தை.

ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்ததை அப்போது இனேஸ் கேட்டாள். "உன் கன்னத்தில் அது என்ன?"

ஓவியா அப்போதுதான் திரையின் மூலையில் தன் முகத்தைக் கவனித்தாள். இடது கன்னத்தில், எட்டணா அகலத்துக்கு ஒரு கரிப்பொட்டு. அறைக்குள் போகும் முன், வேர்த்திருக்கிறது என்று சொல்லி அத்தை முந்தானையால் துடைத்தாளே, அப்போது வைத்தது. ஃபிரிட்ஜுக்கு வைத்ததைவிட, ஸ்கூட்டருக்கு வைத்ததைவிட, வீட்டிலேயே பெரிய பொட்டு அதுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வார்த்தைகள் யாரோ தள்ளிவிட்டதுபோல் வந்தன.

"இது என் அத்தை" என்றாள் ஸ்பானிஷில், போனை நேராகப் பிடித்து. "எங்கள் வீட்டில் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மூடிவைப்பார்கள். அதோ, லுங்கிக்குள் இருக்கிறதே, அது அத்தைக்குப் பிடித்த ஃபிரிட்ஜ். அந்தச் சாக்குக்குள் பிடித்த சோபா. எது எவ்வளவு பிடிக்கும் என்று பொட்டின் அளவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதோ, என் கன்னத்தைப் பாருங்கள். என் அத்தை எனக்கு என்காந்தா. அத்தை எனக்கு ஃபஸீனா."

கையும் பேசியது. கண்ணும் பேசியது. ஆனால் அத்தையின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். தன்னைக் காட்டி, தன் முகத்துக்கு நேராக, என்காந்தா.

"அடிப்பாவி" என்றாள் அத்தை மெல்லிய குரலில். "எனக்கேவா?"

அடுத்த நிமிஷம் மூடிய கையைத் தன் தலையைச் சுற்றித் தானே சுழற்ற ஆரம்பித்தாள். அப்பா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அம்மா, யாரும் எதிர்பாராத வகையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன செய்கிறார்?" என்று கேட்டாள் இனேஸ். பேனா கீழே போய்விட்டது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி வந்திருந்தாள். ஓவியா விளக்கினாள். உப்பு எதற்கு, மிளகாய் எதற்கு, வெடித்தால் என்ன, நெடி வராவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும், சொல் தெரியாத இடத்தில் இருமிக் காட்டி விளக்கினாள். இனேஸ் கையைத் தட்டி, அத்தையை நேராகச் சுட்டிக்காட்டி, "மே ஃபஸீனா" என்று கூவினாள்.

அத்தை சாக்கு போர்த்திய சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அந்தம்மாளும் போட்டுட்டா. ஓவி, நான் இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டேன்."

"அத்தை, அவங்களுக்கும் சுத்திப் போடச் சொல்றாங்க. அவங்க ஊர்ல அவங்களுக்கு நெறைய கண்ணாம்."

தொழில் என்று வந்துவிட்டால் தனக்கோடி பின்வாங்குகிறவள் அல்ல. தள்ளாடி எழுந்தாள். புது உப்பு, புது மிளகாய் எடுத்தாள். "மூஞ்ச நேரா வெச்சிக்கச் சொல்லு" என்று போனை மூன்று முறை வலமும் மூன்று முறை இடமும் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, அந்த ஸ்பெயின் தேசத்துல கீற அத்தினி கண்ணும்" என்று முடித்து, "துப்பச் சொல்லு" என்றாள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெண் பக்தியோடு மூன்று முறை துப்பினாள். மிளகாய் அடுப்பில் பட்டாசாக வெடித்தது. அன்றைய தேர்வு அந்தப் புகையோடு முடிந்தது.

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. சின்மயி போனில் கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. ஓவியா பாஸ். அடுத்த வாரத்திலிருந்து ஸ்பெயின் டீம். அதுவரைக்கும் லீவு.

அப்பா வாயைத் திறந்தார். அத்தை கையை ஓங்கினாள். "மூச். இது தெருவுக்குத் தெரிஞ்சுது, அவ்ளோதான். நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சேலையூரில் அந்தத் தெரு முழுக்க, கேசவன் பெண் பரீட்சையில் ஃபெயில் என்ற செய்தி பரவிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோகநாயகி ஒரு தூக்கில் கேசரியோடு துக்கம் விசாரிக்க வந்தாள். பின்னால் ஸ்ரீநிவாசனும் வந்தார்.

ஓவியா சோபாவில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தையின் கட்டளை அப்படி. கேசரி முந்திரியோடு மணத்தது. சோகமான முகத்தோடு அதைத் தின்பது பெரிய பாடாக இருந்தது.

"என் போர்டிகோவைப் பத்தி அவ்வளவு அழகா பேசினியேம்மா. உனக்குப் போய் மார்க் போடாம விட்டாளே" என்றாள் லோகநாயகி. "மனசை விட்றாதே. அடுத்த தடவை என் மாடி ரூமை வச்சுப் பண்ணலாம்."

"ம்" என்றார் ஸ்ரீநிவாசன்.

ஓவியா இன்னொரு வாய் கேசரி எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாளைக்கு ராத்திரியும் ஷிப்ட் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை என்ற நினைப்பு உடம்புக்குள் வெதுவெதுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. கேசரித் தட்டு மடியில் மெல்லச் சாய்ந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டாள். தலை பின்னால் சரிந்து, வாய் லேசாகத் திறந்தது.

"அழுது அழுது களைச்சுப்போச்சு பாவம்" என்றாள் லோகநாயகி, குரலைத் தாழ்த்தி.

"ஆமா. காலையிலருந்து ஒரே அழுகை" என்றாள் அத்தை, கண் இமைக்காமல்.

சமையலறையில் மிக்ஸி ஒரு முறை உறுமியது. அத்தை எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள். வாசலில் ஸ்கூட்டரோடு வந்து ஹாரனில் கை வைக்கப்போன கேசவனுக்கு ஜன்னல் வழியே ஒரு பார்வை கொடுத்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார்.

லோகநாயகி தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மனசு தாங்காமல் சொன்னாள். "சொல்லக் கூடாது தனக்கோடி. ஆனா உங்க வீட்டுப் பொண்ணு தங்கம். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்."

அத்தையின் முதுகு விறைத்தது. தன் வீட்டுக்குள், விளக்கு வைத்த நேரத்தில், தமிழிலேயே சொல்லிவிட்டாள். கால் தானாகச் சமையலறைக்குப் போயிற்று. கை தானாக ஜாடிக்குள் நுழைந்து உப்பையும் மிளகாயையும் அள்ளியது. அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியை எடுத்தவள், கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

மிளகாய் வெடிக்கும். நெடி ஏறும். வீடே இருமும். பெண் முழித்துக்கொள்வாள்.

அத்தை அடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கையில் இருந்ததை ஓசைப்படாமல் ஜாடியிலேயே திரும்பப் போட்டு மூடினாள்.